பலேர்மோவில் ஒரு கோடை: டீச்சரிடம் கேளுங்கள்

ஜூன் நடுவில் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினேன். இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரம், பழைய துறைமுகம். ஊர்ப் பெயருக்கே கிரேக்கத்தில் 'முழுக்கத் துறைமுகம்' என்று பொருள். காலையில் பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய முற்றத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், சாயங்காலம் ஊர் சுற்றல். போய் வந்த கதையைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டூரிஸ்ட் விசாவில் போய் இரண்டு மாதம் பாடம் எடுக்க முடியுமா அக்கா? ஏஜென்ட் ஒருவர் முடியும் என்கிறார்.

முடியாது. அந்த ஏஜென்டிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஷெங்கன் டூரிஸ்ட் விசா 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் சுற்றிப்பார்க்க மட்டும்தான். சம்பள வேலைக்கு அது ஆகாது. வேலைக்கு என்றால், உங்களை எடுப்பவர் இத்தாலியிலேயே 'நுல்லா ஓஸ்தா' என்ற அனுமதியை முதலில் வாங்க வேண்டும். இரண்டு மாத முகாமுக்காக யாரும் அந்தச் சிரமத்தில் இறங்குவதில்லை. நான் ஜெர்மனியில் வளர்ந்தவள். அந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருப்பதால் எனக்கு விசா என்ற பேச்சே வரவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, பெற்றோர் பட்ட பாடு. இன்னொன்று: ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ படிக்கும் இந்திய மாணவர்கள் பலேர்மோவைச் சுற்றிப்பார்க்க வரலாம், ஆனால் தாங்கள் படிக்கும் நாட்டு அனுமதியை வைத்துக்கொண்டு இத்தாலியில் வேலை செய்ய முடியாது.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: பள்ளிக்கூடம்தான் கோடையில் மூடியிருக்குமே, யாருக்குப் பாடம்?

அங்கே ஜூன் முதல் பாதியில் பள்ளி மூடினால் செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். மூன்று மாதம் பிள்ளைகளை வீட்டில் வைத்து யார் சமாளிப்பது? அதனால் பல பங்குத் தேவாலயங்களில் 'கிரெஸ்ட்' என்று ஒரு கோடைக் கூட்டம் நடக்கும். விளையாட்டு, பாட்டு, தண்ணீர் பலூன், நடுவில் ஏதாவது கொஞ்சம் பாடம். பதினாறு பதினேழு வயது அண்ணன், அக்காமார்தான் பெரும்பாலும் நடத்துகிறவர்கள். அவர்களை 'அனிமத்தோரி' என்பார்கள். எனக்குக் கிடைத்தது காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, எட்டிலிருந்து பதினோரு வயதுப் பிள்ளைகள்.

ஜூலையோடு எல்லாம் முடிந்துவிடும். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ என்ற விடுமுறை, நாடே கடற்கரைக்குப் போய்விடும். ஆகஸ்டில் வகுப்பு உண்டு என்று யாராவது சொன்னால் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: இத்தாலியன் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? வகுப்பில் முதல் நாள் எப்படி இருந்தது?

முதல் நாள் மானம் போனது, டீச்சர். பத்து நிமிடம் நிறங்களின் பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டு, "கபீத்தோ?" என்று கேட்டேன். புரிந்ததா என்று அர்த்தம். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி தாடையை மேலே தூக்கி, நாக்கால் 'ட்ச்' என்றார்கள். நம் ஊரில் ச்சு கொட்டினால் என்ன அர்த்தம்? எனக்கு முகமே சுண்டிவிட்டது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அலட்சியமா என்று நினைத்தேன். அனிமத்தோரி பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே விளக்கினாள். சிசிலியில் 'இல்லை' என்பதற்கு அதுதான் சைகை, மரியாதைக் குறைவே கிடையாது. புரியவில்லை என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த தப்பு என்னுடையது. ஒரு பையன் கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்டான். நான் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவன் வாடிய முகத்தோடு போய் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து வந்தான், கண்ணில் தண்ணீர். அவன் கண்ணுக்கு என் தலையாட்டல் 'முடியாது'. அன்றைக்குப் பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டேன்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மெய்யெழுத்தில் முடியும் சொல்லை அவர்களால் அப்படியே விட முடியாது. நாம் 'புக்கு', 'பஸ்ஸு' என்று உகரம் சேர்ப்பதைப் போல அவர்கள் 'புக்கெ' என்பார்கள். என் அப்பா இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார், அதனால் அந்தப் பிழை எங்கே இருந்து வருகிறது என்று எனக்குச் சட்டெனப் பிடிபட்டது. சொல்லின் கடைசியில் வாயை மூடி விரலை உதட்டில் வைக்கும் விளையாட்டு ஒன்று செய்தேன், நன்றாக வேலை செய்தது. 'ஹ' மட்டும் கடைசிவரை வரவில்லை. என் தலையிலிருந்த தொப்பி கோடை முழுக்க 'ஏட்' ஆகவே இருந்தது.

கனடாவிலிருந்து ஒரு அக்கா: இரண்டு வாரம்தான் இருக்கிறது. எதைப் பார்க்க, எதை விட?

இடங்களைப் பட்டியல் போடுவதை விட நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பகல் ஒன்று முதல் ஐந்து வரை ஊர் தூங்கும், நீங்களும் தூங்குங்கள். சகாராவிலிருந்து 'ஷிரொக்கோ' காற்று அடிக்கும் நாளில் வெளியே போவது அடுப்புக்குள் தலையை விடுவது போல. பழைய மாளிகைகள் சிலவற்றில் அந்தக் காற்றுக்குப் பயந்து ஒளிந்துகொள்வதற்கென்றே நிலத்தடியில் அறை குடைந்திருக்கிறார்கள்.

காலையில் கப்பெல்லா பலத்தீனா. நார்மன் அரசன் இரண்டாம் ரொஜெரோ 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனைக் கோயில். சுவரில் பைசாந்தியப் பாணித் தங்க மொசைக். அண்ணாந்தால் இஸ்லாமியக் கைவினைஞர்கள் வரைந்த மரக்கூரை. எல்லோரும் மொசைக்கையே பார்ப்பார்கள், நீங்கள் கூரைக்குக் கழுத்தைக் கொடுங்கள்.

ஆனால் எனக்கு மனசில் நின்றது ஸீஸா அரண்மனை. 12ஆம் நூற்றாண்டில் அரசர்கள் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியது. கூடத்தின் நடுவே ஊற்று நீர் ஓடி அறையைக் குளிர வைக்கும்படி அமைப்பு. உள்ளே ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது, 1149ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரிஸாந்தோ என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காகச் செய்து வைத்த கல்லறைப் பலகை. நான்கு பக்கமும் நான்கு எழுத்து: லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில் அரபு. வருஷத்தைக் கூட ஒவ்வொன்றும் தன் தன் கணக்கில் சொல்கிறது. அம்மா செத்துப்போனாள் என்ற செய்தியை நான்கு விதமாகச் சொல்லத் தோன்றியிருக்கிறது அந்த மகனுக்கு. என் வகுப்பில் அரபு, வங்காளம், தமிழ், சிசிலியன் எல்லாம் வீட்டில் பேசுகிற பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் அந்தக் கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

எதை விடலாம்? கப்புச்சின் சபைக் கல்லறையில் பதப்படுத்திய உடல்களைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலர் அதற்காகவே வருகிறார்கள். நான் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு தந்தை: மகள் தனியாகப் போக ஆசைப்படுகிறாள். மாஃபியா ஊர் என்கிறார்களே?

உங்கள் மகளைத் தேடி எந்த மாஃபியாவும் வராது ஐயா. சந்தையில் கைப்பையைக் குறுக்காக மாட்டச் சொல்லுங்கள், நடைபாதையோரம் வரும் ஸ்கூட்டரைக் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தப் பெரிய ஊருக்கும் இது பொருந்தும்.

ஆனால் அவள் அங்கே போய் அதைப் பற்றிக் கிண்டலாகப் பேச வேண்டாம். விமான நிலையத்தின் பெயரே ஃபல்கோனே, போர்செல்லினோ. இருவரும் மாஃபியாவை விசாரித்த நீதிபதிகள். 1992இல் மே 23 அன்று ஒருவரும் ஜூலை 19 அன்று மற்றவரும் வெடிகுண்டில் கொல்லப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் சாலையில், முதல் குண்டு வெடித்த கபாச்சி பக்கத்தில், சிவப்பு நினைவுத் தூண் தெரியும். கடைக் கண்ணாடிகளில் 'அத்தியோபிட்ஸோ' என்ற ஸ்டிக்கரையும் பார்ப்பாள். மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மாட்டோம் என்று கடைக்காரர்கள் சேர்ந்த இயக்கம், 2004இல் இளைஞர்கள் தொடங்கியது. நான் முடிந்த மட்டும் அந்தக் கடைகளிலேயே வாங்கினேன்.

காரைக்குடியிலிருந்து: நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம், கேட்டுச் சாப்பிட்டால் போதும். உங்களுக்கென்றே 'பனெல்லே' இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீரில் களி மாதிரிக் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்து, எள் தூவிய பன்னில் வைத்துத் தருவார்கள். எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். காரம் துளியும் இருக்காது. பையில் ஒரு பொட்டலம் இட்லிப்பொடி வைத்திருந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் 'கப்பொனாத்தா'வும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

கண்ணி எங்கே என்றால் 'அரன்சீனா'வில். பொரித்த சோற்று உருண்டை. 'அல் புர்ரோ' என்றால் வெண்ணெய் போட்டது என்று அர்த்தம், நீங்களும் நம்பி வாங்குவீர்கள், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். 'ஸ்ஃபின்சோனே' என்ற தடித்த பீட்ஸாவில் நெத்திலி கரைந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. அப்புறம், அங்கே அது அரன்சீனா, பெண்பால். தீவின் மறுபக்கம் கத்தானியாவில்தான் 'அரன்சீனோ'. மாற்றிச் சொன்னால் கடைக்காரர் உருண்டையைத் தருவதற்கு முன் ஒரு சொற்பொழிவு தருவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அண்ணா: பலேர்மோவில் எங்கள் ஆட்கள் மலைக்கோயிலுக்குப் போகிறார்களாமே, உண்மையா?

உண்மை அண்ணா. மோன்தே பெல்லெக்ரீனோ என்ற மலை, ஊருக்கு வடக்கே கடலோரம் எழும்பி நிற்கும். அதன் மேலே குகைக்குள் சாந்தா ரொசாலியா, அதாவது புனித ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோயில். 1624இல் கொள்ளைநோய் ஊரை வாட்டியபோது அந்த மலையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன, அதை ஊர்வலமாக எடுத்துப் போனதும் நோய் தணிந்தது என்பது ஊர் நம்பிக்கை. அதிலிருந்து அவர்தான் காவல் தெய்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறினேன். பழைய கல் பாவிய பாதை, வளைந்து வளைந்து போகும், பஸ்ஸும் உண்டு. எனக்கு முன்னால் ஒரு குடும்பம், அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். நெற்றியில் திருநீறு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் மட்டும் இல்லை, சைவக் குடும்பங்களும் வாராவாரம் வருகிறார்கள். குகைக்குள் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, தலையில் விழாமல் தகரக் கால்வாய்களில் பிடித்து ஓட விடுகிறார்கள். நேர்த்திக்கடனாக வைத்த வெள்ளிக் கை, கால், கண் உருவங்களும் உண்டு. அந்த அம்மாவிடம், இது மாதா இல்லையே, வேறு ஒரு புனிதைதானே என்று கேட்டேன். "ரொசாலியா எங்கட ஆள்தான் பிள்ளை" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முடிந்தால் ஜூலை 14 இரவு, ரொசாலியாவின் திருவிழாவுக்கு, ஊரில் இருங்கள். தேர் கதீட்ரல் பக்கமிருந்து கடலை நோக்கி இறங்கும். நான்கு தெருக் கூடும் குவாத்ரோ கான்தியில் மேயர் தேரில் ஏறிப் பூ வைத்து "விவா பலேர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று கத்துவார், கூட்டமே திருப்பிக் கத்தும். நள்ளிரவில் கடற்கரையில் வாணவேடிக்கை. வறுத்த கொண்டைக்கடலை, அவித்த சோளம், தர்ப்பூசணி விற்பார்கள். நத்தையும் விற்பார்கள், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சில:

*கடற்கரை?* மோந்தெல்லோ. வார நாளில், காலை எட்டு மணிக்குள். ஞாயிறு என்றால் மணல் தெரியாது.

*சம்பளம்?* எனக்குக் கிடைத்தது அறை, மதியச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். அந்தக் கைச்செலவும் அக்டோபரில்தான் வந்தது. எழுதி வாங்காதது என் தப்பு. நீங்கள் எழுதி வாங்குங்கள்.

*தண்ணீர்?* வீடுகளின் மொட்டை மாடியில் தொட்டி இருக்கும். குளிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை, தலையில் சோப்போடு நின்றேன்.

*கறிவேப்பிலை கிடைக்குமா?* கிடைக்கும். பல்லாரோவைச் சுற்றி இலங்கைக் கடைகளும் வங்காளதேசக் கடைகளும் இருக்கின்றன. என் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்டு, கூட வந்த தோழியிடம் சிசிலியனில் பேசி, என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "டீச்சர், கர்ரி லீஃப், டூ யூரோ" என்றாள். லீஃபுக்குப் பின்னால் ஒரு 'ஏ'யும் வரவில்லை, ஒரு 'உ'வும் வரவில்லை.