அக்காவின் பத்தியமும் அம்மாவின் மரபணுவும்

கேள்வி: என் அம்மா 46 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இப்போது 38 வயது அக்காவுக்கும் அதே வருத்தம். ஒப்பரேசன் முடிந்து கீமோ நடக்கிறது. மீன், முட்டை, தயிர், சோயா மீற் எல்லாம் கிரந்தி, ஆகாது என்று அவருடைய மாமி நிறுத்திவிட்டார். கஞ்சியும் முள்சீத்தா இலை அவித்த தண்ணீரும்தான் சாப்பாடு. அக்கா மெலிந்துகொண்டே போகிறார். "பரம்பரை வருத்தம், எதைச் சாப்பிட்டு என்ன?" என்கிறார். எனக்கு 34 வயது, ஒன்பது வயதில் ஒரு மகள். சாப்பாடு காப்பாற்றுமா, இல்லை எல்லாம் இரத்தத்தில் எழுதியதுதானா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், முதலில் அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

கீமோ மருந்து இரத்த அணுக்களையும் வாய், குடல் உட்தோலையும் சேர்த்தே தாக்குகிறது. உடல் அவற்றைத் திரும்பக் கட்டியெழுப்பப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியில் அது போதாது. ஆள் மிகவும் தளர்ந்துவிட்டால் மருந்தின் அளவைக் குறைக்கவோ அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவோ வேண்டி வரும். எனக்குக் கவலை தருவது அதுதான். மீன் குடுங்கள். வாவி மீனோ கடல் மீனோ, புதிதாகவும் நன்றாக வெந்ததாகவும் இருந்தால் சரி. முட்டையை மஞ்சள்கரு இறுகும்வரை அவியுங்கள். பருப்பு, முருங்கையிலை, குரக்கன் எல்லாம் நல்லது. வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் கடைச் சட்டித் தயிரை மட்டும் விடுங்கள், எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று வார்ட்டில் கேளுங்கள். மீன் தின்றால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். பிள்ளைப்பேற்றுப் பத்தியம் பார்த்துப் பழகியவர், அக்கறையில்தான் செய்கிறார். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போய் டொக்டரின் வாயாலேயே கேட்க வையுங்கள்.

சோயாவைப் பற்றிய பயமும் தேவையில்லை. சீனாவின் ஷாங்காய் நகரில் இந்த நோய் வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஆனால் சோயா மீற் பைக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம், அதைப் போடாமல் சமையுங்கள்.

சாப்பாடு ஆயுளைக் கூட்டுமா என்றால், பதில் நேர்கோடாக இல்லை. அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 3,088 பெண்களில் ஒரு பாதியினருக்கு மரக்கறி, பழம், நார்ச்சத்து மிக அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு வருடங்களுக்கு மேல் கவனித்தும் மற்றப் பாதியினரோடு வித்தியாசம் இல்லை. அதே நாட்டில், நோய் வராத 48,835 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களிடையே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம் குறைவு. என் கணிப்பு இது: தனி ஒரு உணவு யாரையும் காப்பாற்றாது, ஆனால் நிறையைக் கவனிப்பது முக்கியம். மாதவிடாய் நின்றபின் உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரக்கும். சில வகைப் புற்றுநோய்க்கு அதுதான் தீனி. அக்காவுக்கு அந்தக் கவலை சிகிச்சை முடிந்தபின். இப்போது அவர் சாப்பிட வேண்டும்.

இனி பரம்பரை. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணு மாற்றத்தால் வருபவை. உங்கள் வீட்டில் இரண்டு பேர், இருவரும் இளவயது. ஆகவே பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக்களைச் சோதிப்பது பற்றிப் புற்றுநோய் வைத்தியரிடம் கேட்க நியாயம் இருக்கிறது. முதலில் அக்காவைத்தான் சோதிக்க வேண்டும். அவரில் மாற்றம் கண்டால், அதே மாற்றம் உங்களிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சகோதரர்கள் இருந்தால் அவர்களுக்கும் அப்படியே, ஆண்கள் வழியாகவும் அது பிள்ளைகளுக்குப் போகும்.

அந்த மாற்றம் இருந்தால் சாவு நிச்சயம் என்று அக்கா நினைத்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரித்தானியாவில் 40 வயதும் அதற்குக் கீழும் உள்ள 2,733 நோயாளிப் பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு மாற்றம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர்பிழைத்திருந்தார்கள். மாற்றம் உள்ளவர்களில் சிலருக்கு ஒலாபரிப் என்ற மருந்தும் உதவும், அதனால் சோதனை முடிவு சிகிச்சைக்கும் பயன்படும்.

நீங்கள் 35 வயது ஆகட்டும், பெண்களை நோய் முற்றுமுன் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்பே பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். அந்தக் கணக்கில் நீங்கள் 28இலேயே தொடங்கியிருக்க வேண்டும். இந்த மாதமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அம்மாவின், அக்காவின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு இந்த வயதில் எந்தச் சோதனையும் வேண்டாம்.

முள்சீத்தாத் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். மனிதரில் புற்றுநோயை அது குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. இதுவரை எவ்வளவு குடித்தார் என்பதையும் அடுத்த கீமோவுக்கு முன் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.