சின்ன ஊருக்கென்று ஓர் எப்.எம். வானொலி நடத்துவது ஏன் அவ்வளவு கடினம்?

கேட்க ஆள் இல்லாமல் அல்ல, விளம்பரம் தர ஆள் இல்லாமல்தான். திருகோணமலையில் கடை கடையாக ஏறி இறங்கி நான் தெரிந்துகொண்டது இது.

எனக்கு இந்த ஆசை வந்தது 2004 டிசம்பர் 26 இல். சுனாமி அலை அடித்த பிறகு கொழும்பிலிருந்து வந்த அலைவரிசைகள் நாடு முழுவதற்கும் பேசின. எங்களுக்குத் தெரியவேண்டியிருந்ததோ வேறு: மூதூர்ப் படகு ஓடுகிறதா, நிலாவெளி வீதியில் போகலாமா, எந்தப் பாடசாலையில் யார் தங்கியிருக்கிறார்கள். ஆளனுப்பித்தான் விசாரித்தோம். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் வீட்டில் யாரையும் வாய் திறக்க விடாத என் அம்மம்மா, அந்த ஒரு வாரம் வானொலிப் பெட்டியைத் தொடவே இல்லை.

போர் முடிந்த மறு வருடம் நண்பர்கள் இருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எப்.எம். அலை ஏறக்குறைய கண்ணுக்கெட்டிய தூரம்தான் போகும். ஆகவே ஒரு நகரத்துக்குச் சில நூறு வாட் போதும், கோபுரம் உயரமாக இருந்தால் சரி. எங்கள் ஊரில் குன்றுக்கா பஞ்சம்? பணம்தான் வேண்டும். மத்திய வீதியில் ஒரு புடவைக்கடை முதலாளியிடம் போனோம். தேநீர் வரவழைத்துத் தந்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் கடை வைத்திருப்பது தெரியாதவன் இந்த ஊரில் யார் இருக்கிறான், தம்பி?"

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சவர்க்காரமும் பால்மாவும் விற்கிற பெரிய கம்பெனிகள் உள்ளூர் வானொலியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. 1998 இல் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். இரண்டும் வந்தபின் தமிழ் விளம்பரப் பணம் நாடளாவிய நிலையங்களின் பக்கம் போய்விட்டது. கொழும்பில் ஒரு கலையகம், ஆங்காங்கே மலைகளில் ஒலிபரப்பிகள். அவர்களுக்குத் திருகோணமலை கூடுதலாக ஒரு கோபுரம். எங்களுக்கு அதுவே முழுச் சந்தை.

அந்தச் சந்தையும் ஒரே துண்டு அல்ல. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சிங்களவர். தமிழில் மட்டும் நடத்தினால் அவர்கள் இல்லை. இரு மொழியிலும் நடத்தினால் இரு தரப்பாருமே பாதி நேரம் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது உரிமம். தனியார் வானொலிக்கான அனுமதி, 1966 ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரிடமிருந்து வருவது. தனி அதிகாரசபை அமைக்க 1997 இல் வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமூக வானொலி என்ற பெயரில் நாடு கண்டவையும் அரச வானொலியான அந்தக் கூட்டுத்தாபனத்தின் பிள்ளைகளே. 1981 இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலி, 1989 இல் வந்த கொத்மலை இரண்டும் அப்படித்தான். கொத்மலையில் 1999 முதல் கிராமத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். அதைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஒலிபரப்பி இல்லாத ஊர் என்றும் எங்களைச் சொல்லிவிட முடியாது. நகருக்கு வடக்கே ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1984 இல் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் அமைத்தது. அதில் மத்திய அலை ஒலிபரப்பி மட்டுமே 400 கிலோவாட்; சிற்றலைக் கருவிகள் தனி. ஆசிய நாடுகளுக்கு எங்கள் கடற்கரையிலிருந்து குரல் போனது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. நாங்கள் கணக்குப் போட்டது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவுக்கும் குறைவு.

சென்ற வாரம் எங்கள் தெருவுக்கு ஓர் ஆட்டோ வந்தது. கூரையில் ஒலிபெருக்கி. மறுநாள் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நீர் வெட்டு என்று தமிழில் ஒரு முறை, சிங்களத்தில் ஒரு முறை சொல்லிவிட்டு, இடையில் பழைய பாட்டு ஒன்றையும் போட்டுக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பியது.