வாசகர் கேள்வி – பதில்: அகலப்பட்டை ரிசீவரில் போலிச் சிக்னல்கள்

கேள்வி: நேரடி மாற்ற முறையில் (வரும் அலையை ஒரே படியில் சுழி அதிர்வெண்ணைச் சுற்றிய பகுதிக்கு இறக்கும் முறை) இயங்கும் மென்பொருள் வானொலி ரிசீவர் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அலைமாலைத் திரையின் (அதிர்வெண் வாரியாகச் சிக்னல் வலிமையைக் காட்டும் திரை) நட்டநடுவே எப்போதும் ஒரு முள் நிற்கிறது. மையத்துக்கு வலப்புறம் வலுவான நிலையம் வந்தால், இடப்புறம் அதே தொலைவில் அதன் மங்கிய நகலும் தெரிகிறது. இவை ஒரே கோளாறா? ஆன்டெனாவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: இவை வெவ்வேறு கோளாறுகள். இரண்டுமே ரிசீவருக்குள் பிறப்பவை என்பதால் ஆன்டெனாவை மாற்றிப் பயனில்லை.

நடுவில் நிற்பது டி.சி. ஆஃப்செட், அதாவது சுழி அதிர்வெண்ணில் தோன்றும் தேவையற்ற நிலையான மின்னழுத்தம். ரிசீவரே உண்டாக்கும் அலையின் மூலமான உள் ஆசிலேட்டரிலிருந்து கசியும் சிறு பகுதி, அந்த அலையையும் வரும் சிக்னலையும் கலக்கும் மிக்சரின் உள்ளீட்டுக்குச் சென்று, ஆசிலேட்டர் அலையுடனேயே கலப்பதால் அங்கே ஒரு நிலையான மின்னழுத்தம் உண்டாகிறது, சிக்னலை எண்களாக மாற்றும் ஏ.டி.சி.யின் சொந்தப் பிழையும் அதனோடு சேர்கிறது.

நகலுக்குக் காரணம் ஐ, க்யூ கிளைகளின் சமமின்மை; ஒரே சிக்னலை, 90 பாகை கட்ட வேறுபாடுள்ள இரு ஆசிலேட்டர் அலைகளுடன் கலந்து பெறும் இரு பாதைகளே இவை. இரு கிளைகளின் பெருக்கமும் ஒன்றாகவும், அவற்றுக்கிடையேயான கட்ட வேறுபாடு சரியாக 90 பாகையாகவும் இருந்தால்தான், மையத்துக்கு மேலுள்ள அதிர்வெண்ணையும் கீழுள்ளதையும் முழுமையாகப் பிரிக்க முடியும். பெருக்கத்தில் 1 சதவீதமும் கட்டத்தில் 1 பாகையும் பிழை இருந்தால், பிம்பம் (அந்த நகல்) மூலச் சிக்னலுக்கு ஏறத்தாழ 40 டெசிபெல் கீழேயே நின்றுவிடும். குறுகிய பட்டையில் இது போதும். அகலப்பட்டையிலோ ஒரு நிலையத்தைவிட 60 டெசிபெல் மெலிந்த இன்னொன்று அதே பட்டையில் இருப்பது இயல்பு என்பதால், அந்த மெல்லிய நிலையத்தைப் பிம்பமே மூடிவிடும். பிம்பத்தை 60 டெசிபெல்லுக்குத் தாழ்த்த, பிழைகள் 0.1 சதவீதம், 0.1 பாகை என்ற அளவுக்குக் குறைய வேண்டும்; வன்பொருளை மட்டும் நம்பி இதை எட்டுவது மிகக் கடினம்.

திருத்தத்தில் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு கிளையின் நீண்டகாலச் சராசரியைக் கணித்துக் கழியுங்கள். அடுத்து, இரு கிளைகளின் சராசரி ஆற்றல் சமமா, அவற்றின் பெருக்கற்பலனின் சராசரி சுழியா என்று பாருங்கள்: முன்னது விலகினால் பெருக்கப் பிழை, பின்னது விலகினால் கட்டப் பிழை. க்யூவிலிருந்து ஐயின் தக்க பங்கைக் கழித்து, எஞ்சியதை ஐயின் ஆற்றலுக்கு ஈடாக்கினால் சமநிலை கிட்டும். ஆஃப்செட்டை நீக்காமல் இதைச் செய்தால், இரு ஆஃப்செட்களின் பெருக்கற்பலன் கட்டப் பிழையாக வேடமிட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

கேள்வி: இதைச் செய்த பிறகு மையத்தருகே பிம்பம் மறைந்தது, பட்டையின் ஓரங்களில் மட்டும் மறையவில்லை. ஏன்?

பதில்: இங்கேதான் அகலப்பட்டையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. இரு கிளைகளின் தாழ்பட்டை வடிப்பான்களும் தடங்களும் துல்லியமாக ஒன்றல்ல. எனவே பிழை அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது. கிளைகளுக்கிடையே 100 பிக்கோவினாடி தாமத வேறுபாடு இருந்தால், மையத்திலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் அது 0.036 பாகை மட்டுமே, 20 மெகாஹெர்ட்ஸிலோ 0.72 பாகை. ஒரே திருத்தக் குணகத்தால் இரண்டையும் திருத்த முடியாது. சோதனைத் தொனி ஒன்றை மையத்தின் இரு புறங்களிலும் பட்டை முழுவதும் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் பிம்பத்தின் அளவையும் கட்டத்தையும் அளந்து, அவற்றுக்குப் பொருந்தும் நீளம் குறைந்த எண்ணிம வடிப்பானை ஒரு கிளையில் சேர்ப்பதே நம்பகமான வழி. வெப்பநிலையும், ஆசிலேட்டர் அதிர்வெண்ணும், பெருக்க அமைப்பும் மாறினால் குணகங்களும் மாறும் என்பதால், மறு அளவீடு தேவை.

கேள்வி: எல்லாவற்றையும் மென்பொருளிலேயே முடித்துவிடலாமா?

பதில்: முடியாது. ஆஃப்செட் பெரிதானால் அது ஏ.டி.சி.யின் வீச்சை விழுங்கிவிடும். உச்சி வெட்டுப்பட்ட சிக்னலைப் பின்னர் கழித்தலால் மீட்க இயலாது. ஆகவே அதற்கு எதிரான மின்னழுத்தத்தை ஏ.டி.சி.க்கு முன்பே செலுத்த வேண்டும். 70 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கி, அதிகபட்சம் 56 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கையாளும் ஏ.டி.9361 போன்ற சில்லுகளில், ஆஃப்செட்டையும் சமமின்மையையும் தொடர்ந்து திருத்தும் சுற்றுகள் உள்ளேயே அமைந்துள்ளன. எனினும் நீங்கள் கேட்க விரும்பும் சிக்னல் சரியாக மையத்தில் இருந்தால், எந்தத் தானியங்கித் திருத்தமும் அதில் ஒரு பகுதியைத் தின்னக்கூடும். ஆசிலேட்டரைச் சற்றுத் தள்ளி வைத்து, எண்ணிம முறையில் அதிர்வெண்ணை மீண்டும் நகர்த்திக்கொள்ளுங்கள்.