நகையை வைத்து ஐரோப்பா போகலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாலரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம், ஊடே மிளகும் உண்டு. வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். கணவருக்கு 63 வயது, எனக்கு 58. மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். ஒரு மாதம் வந்து இருங்கள் என்று கூப்பிடுகிறாள். விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து ரயிலிலேயே நாலைந்து நாடுகளைச் சுற்ற வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. சேலத்தில் ஒரு டிராவல்ஸில் இருவருக்கும் சேர்த்து 14 நாள் பேக்கேஜ் 6.8 லட்சம் என்கிறார்கள். 2 லட்சம் முன்பணம் உடனே கட்டணுமாம், திரும்பக் கிடைக்காதாம். ஜூனில் முதிர்கிற டெபாசிட் 5.5 லட்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று இன்னொரு 4 லட்சம் தனியாக இருக்கிறது. "டெபாசிட்டை எதுக்குத் தொடணும்? உன் நகையை விவசாயக் கடனில் வைப்போம், வட்டி கம்மி. அடுத்த காப்பியில் மீட்டுக்கலாம்" என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் வருமான வரி தாக்கல் செய்வதும் இல்லை. என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: போய்விட்டு வாருங்கள் அம்மா. அறுபதைத் தாண்டிய பிறகு இந்த மாதிரிப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது. ஆனால் நகை பீரோவிலேயே இருக்கட்டும். முன்பணமும் கட்ட வேண்டாம்.

நகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். விவசாய நகைக் கடனுக்கு வட்டி குறைவு என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். ஏன் குறைவு? சாகுபடிச் செலவுக்கு என்று கையெழுத்துப் போட்டு வாங்குகிற கடன் அது. அதில் விமான டிக்கெட் எடுத்தால் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். சரி, சாதாரண நகைக் கடனாகவே வைக்கலாமே என்றால், 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 30,000 வட்டி. அதே 3 லட்சம் டெபாசிட்டில் 7 சதவீதத்தில் கிடந்தால் வருவது 21,000. டெபாசிட்டைத் தொடாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கிற கூலி 9,000 ரூபாய். அதுவும் ஜூனில் தானாக முதிர்கிற டெபாசிட். முறிக்க வேண்டியதில்லை, அபராதமும் இல்லை.

அதைவிட முக்கியமான காரணம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும். காப்பி விற்றுக் காசு கைக்கு வருவதற்கு முன்பே பறிப்புக் கூலியை வாராவாரம் எண்ணி வைத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு உதவுவது இந்த நகைதான், விவசாயக் கடன் இருப்பதும் அதற்காகத்தான். பயணத்துக்காக முன்பே அதை வைத்துவிட்டால் நவம்பரில் யாரிடம் போய் நிற்பீர்கள்?

"அடுத்த காப்பியில் மீட்டுக்கலாம்" என்கிற பேச்சும் எனக்குச் சம்மதமில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ரகக் காப்பி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதே அரபிகா 2019இல் ஒரு டாலருக்கும் கீழே கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல விலை கிடைத்த வருடத்தை வைத்து அடுத்த வருடத்துக் கடனை வாங்குவதில்லை.

விசாவுக்கும் நகைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பலர் இதை யோசிப்பதில்லை. விசா மனுவோடு கடந்த சில மாத வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று நடந்துகொண்டிருந்த கணக்கில், மனு போடுவதற்கு முந்தின வாரம் மூன்று லட்சம் வந்து விழுந்தால், பார்க்கிற அதிகாரி இது கடன் வாங்கிக் காட்டுகிற பணம் என்றுதான் நினைப்பார். டெபாசிட் அப்படியல்ல. எப்போது போட்டது, எவ்வளவு வட்டி என்று ரசீதே சொல்லிவிடும்.

அப்புறம் வருமான வரி. உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. காப்பியைப் பழமாகவோ, சதை நீக்கிக் காயவைத்த தோலோடு கூடிய கொட்டையாகவோ (பார்ச்மெண்ட்) விற்கிற வரை அது விவசாய வருமானம், வரி கிடையாது. அறை வாடகையும் டெபாசிட் வட்டியும் சேர்ந்தாலும் வரி கட்டுகிற அளவுக்கு வராது போலிருக்கிறது. இருந்தாலும், ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்கிறவர், வரி பூஜ்யமாக இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மனைவிக்கோ மகனுக்கோ செலவழித்தாலும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் பயணம் நடக்கிற நிதியாண்டுக்கு நீங்கள் தாக்கல் செய்வது கட்டாயம்.

என் யோசனை, அதற்கு முந்தின ஆண்டிலிருந்தே தொடங்கிவிடுங்கள் என்பது. மார்ச்சில் முடிகிற நிதியாண்டுக்கு ஜூன் மாதமே தாக்கல் செய்துவிட்டால், விசா மனுவோடு வைக்க ஒரு தாள் கிடைக்கும். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய 'சஹஜ்' படிவத்தில் போட முடியாது. அதனால் தெரிந்த பையனிடம் கொடுத்து முடிக்காமல் ஆடிட்டரிடம் போங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், காப்பி வாங்கிய வியாபாரி கொடுத்த பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில் இல்லாமல் கைக்காசுக்கு விற்கிற வழக்கம் இருந்தால் இந்த வருடத்திலிருந்து நிறுத்திக்கொள்ளுங்கள். வருமானத்தைக் காட்ட உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

இனி பேக்கேஜ். விமானம், தங்குமிடம், சாப்பாடு என்று சேர்த்து விற்கிற வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு, விற்கிறவர் ஒரு வரியைப் பிடித்துக் கட்டுவார். 5 சதவீதமாக இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். அது உங்கள் பணம்தான், ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். டிக்கெட்டை நாமே எடுத்து, செலவுப் பணத்தைப் பயண அட்டையில் ஏற்றிக்கொண்டு போனால், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை இந்தப் பிடித்தமே இல்லை.

வரியை விட்டாலும் இந்தப் பேக்கேஜ் உங்களுக்குப் பொருந்தாது. இப்படி விற்கிற பேக்கேஜ்கள் பெரும்பாலும் பஸ்ஸில் ஓடுகிறவை. அவருடைய ஆசை ரயில். மகள் வீடு இருக்கும்போது ஹோட்டலில் 13 ராத்திரி எதற்கு? விசா வருவதற்கு முன்பே திரும்பி வராத 2 லட்சத்தைக் கேட்பது இன்னும் மோசம். விசா மறுக்கப்பட்டால் அந்த இழப்பு முழுக்க உங்கள் தலையில்.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள்: மூன்று வாரம் மகள் வீடு, ஒன்பது நாள் ரயில். மாதம் செப்டம்பர். மே மாதம் உங்கள் அறைகளுக்கு ஆள் வருகிற சீசன், அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவில் அவர்களுக்கே விடுமுறை, எல்லாம் விலை ஏறியிருக்கும். செப்டம்பர் முதல் தேதியை ஒட்டிப் போய் இறங்குங்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று ஒரு மாதச் சீட்டு உண்டு. 2023இல் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், மெட்ரோ, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ மாதிரி தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. அது காலண்டர் மாதக் கணக்கு. ஆகஸ்ட் 28இல் போய் இறங்கினால் நான்கு நாளுக்காக இன்னொரு மாதச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிற சந்தா அது. திரும்பி வருகிற மாதத்தில் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மகளிடம் சொல்லி வையுங்கள்.

ஒன்பது நாள் ரயிலுக்கு யூரெயில் பாஸ் எடுக்கலாம். 33 நாடுகளில் செல்லும், ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஐந்து நாள் ரயில் ஏறலாம் என்கிற வகை உங்களுக்குப் போதும். 60 வயதுக்கு மேல் 10 சதவீதத் தள்ளுபடி, அது அவருக்குக் கிடைக்கும், உங்களுக்கு இல்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச், அங்கிருந்து மிலான், வெனிஸ், வியன்னா, பிறகு மியூனிக் வழியாகத் திரும்ப ஸ்டுட்கார்ட். பாரிஸையும் ரோமையும் விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தப் பட்ஜெட்டுக்கு இவ்வளவுதான். சூரிச்சுக்கும் மிலானுக்கும் நடுவே 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம். வெனிஸிலிருந்து வியன்னா போகும்போது 1854இல் திறந்த செம்மெரிங் மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவில் தினமும் ஏறி இறங்குகிற மனிதருக்கு, ரயில் எப்படி மலை ஏறுகிறது என்று பார்க்கப் பிடிக்கும்.

பாஸ் வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியின் அதிவேக ரயில்களுக்குச் சீட்டு முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ்யோக் கணவாய்க்குப் போகிற மலை ரயிலில் பாஸ் காட்டினால் தள்ளுபடிதான், இலவசம் இல்லை. மாதக்கணக்கு முன்னாலேயே எடுத்தால் தனித்தனி டிக்கெட் பாஸைவிட மலிவாகக் கிடைப்பதும் உண்டு. ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகளை ரத்து செய்தால் பெரும்பாலும் காசு திரும்பாது. விசா கையில் வந்த அன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் மகளை.

நான் போட்ட கணக்கு இது, யூரோவைத் தாராளமாக 110 ரூபாய் என்று வைத்து. இருவருக்கும் பெங்களூரு–ஃபிராங்க்ஃபர்ட் போக வர விமானம் 1.5 லட்சம். ஏற்காட்டிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்குக் கார், போக வர 12,000. விசா ஒருவருக்கு 90 யூரோ. சேவைக் கட்டணம், சென்னை அலைச்சல் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 28,000. காப்பீடு 12,000. பாஸும் முன்பதிவும் 80,000. எட்டு ராத்திரி அறை, நாளைக்கு 100 யூரோ வீதம், 88,000. அந்த ஒன்பது நாள் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், நுழைவுச் சீட்டு 79,000. மகள் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு 45,000. மொத்தம் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கைவசம் 50,000 வைத்தால் டெபாசிட்டுக்குள் அடங்கிவிடுகிறது, மூச்சு விடத்தான் இடமில்லை. மே மாத அறை வாடகையைத் தனியாக எடுத்து வைத்தால் அந்தக் குறையும் தீரும். 4 லட்சத்தை மட்டும் தொடாதீர்கள்.

பணத்தை எந்த வரிசையில் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் ரத்து செய்தால் காசு திரும்புகிற அறைகள், திரும்புகிற விமானப் பதிவு. பிறகு விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனு போடலாம், குறைந்தது 15 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். ஜூனில் கணக்குத் தாக்கல், ஜூலை முதல் வாரத்தில் விசா என்று வையுங்கள். அதிக நாள் இருக்கப்போவது ஜெர்மனியில், அதனால் மனுவும் ஜெர்மனிக்கே. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை சென்ட்ரல், கைரேகை கொடுத்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். விசா வந்த பிறகுதான் திரும்பாத டிக்கெட் எதுவும்.

மகள் அங்கே ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் எழுதித் தந்தால் விசா சுலபம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் செலவு முழுவதற்கும், ஆஸ்பத்திரிச் செலவு உட்பட, அவள் சட்டப்படி பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கிற பத்திரம் அது. கையில் சொந்தப் பணம் இருக்கும்போது அவளை அதில் மாட்டிவிட வேண்டாம். சாதாரண அழைப்புக் கடிதம் போதும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் சொல்லி, பழைய நோய்க்கும் சேர்த்து எடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

சேலம் விமான நிலையத்திலிருந்தே பெங்களூருக்குப் பறக்கலாமே என்று தோன்றும். தனி டிக்கெட்டாக எடுத்தால் வேண்டாம். அந்தச் சின்ன விமானம் தாமதமானால் பெரிய விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, காசும் போகும். காரில் போவதே மேல்.

அங்கே கடையில் அட்டை தேய்க்கும்போது "ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா" என்று இயந்திரம் கேட்கும். யூரோ என்று அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைக்கிற விலைதான். இங்கே யூரோ நோட்டு வாங்கும்போது ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் கொடுக்க முடியும். அதற்கு மேல் கணக்கிலிருந்து அனுப்புங்கள்.

மகளுக்குக் காப்பித்தூளும் மிளகும் தாராளமாக எடுத்துப் போங்கள். நெய்யும் பால்கோவாவும் மட்டும் வேண்டாம். வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவருகிற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, ஃபிராங்க்ஃபர்ட் சுங்கத்திலேயே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.