மாற்று நுரையீரலும் மாத்திரைப் பெட்டியும்: கேள்வி பதில்

எனக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி 9 ஆண்டுகள் ஆகின்றன. நோய் வருவதற்கு முன்பு மருந்தாளுநராக இருந்தவள். அதனால் ஒரு மாத்திரை என்ன செய்யும் என்பது படிப்பிலும் தெரியும், உடம்பிலும் தெரியும். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்வதும் உங்கள் டாக்டர் சொல்வதும் மாறுபட்டால் டாக்டர் பேச்சையே கேளுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை அவரிடம்தான் இருக்கிறது.

அக்கா, ஆபரேஷன் முடிந்து 5 வாரம். கை நடுக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்க முடியவில்லை. என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. இப்படியே இருந்துவிடுமா?

பெரும்பாலும் இருந்துவிடாது. உடம்பு புது நுரையீரலை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் வேலை இது. முதல் சில மாதங்களில் உடம்பு புது நுரையீரலை நிராகரிக்கும் அபாயம் அதிகம் என்பதால் ரத்தத்தில் மருந்தளவைச் சற்று உயர்த்தியே வைத்திருப்பார்கள். நடுக்கமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அளவு இறங்க இறங்க இதுவும் இறங்கும். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடுக்கம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடுகிறது என்றால் எழுதுவது, சவரம் செய்வது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். மக்னீசியம் குறைந்தாலும் நடுக்கம் அதிகமாகும்; டாக்ரோலிமஸ் அதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். சமீபத்தில் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். நாளுக்கு ஒரு முறை போடும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறிய சிலருக்கு நடுக்கம் குறைந்திருக்கிறது. அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும். நடுக்கத்தோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு என்று ஏதாவது சேர்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காலை 8 மணி மாத்திரை 11 மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டேன். தப்பா?

தப்பில்லை. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் மருந்தில் 3 மணி நேரத் தாமதத்துக்கு, நினைவு வந்ததும் போடச் சொல்வதே வழக்கம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால்தான் சிக்கல். அப்போது மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. போட்டதும் வாந்தி எடுத்துவிட்டாலும் நீங்களாக இன்னொன்று போடாமல் கேட்டுச் செய்யுங்கள்.

நேரம் பற்றி என் கதை ஒன்று இருக்கிறது. இரண்டாவது மாதம் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் பார்க்கப் போன நாளில், பழக்க தோஷத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தேன். டாக்ரோலிமஸ் லெவல் என்பது முந்தைய வேளைக்கு 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்குச் சற்று முன்பு பார்ப்பது. ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. நான் மலை உச்சியில் நின்றுகொண்டு பள்ளத்தாக்கின் உயரத்தை அளக்கக் கொடுத்தேன். எண் எகிறியது, மருந்தைக் குறைத்தார்கள், அடுத்த வாரம் உண்மையான லெவல் தரைதட்டியது. அத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்கு மருந்து நேரம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்த நிலை! வெட்கத்தில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீண். உடனே சொல்லியிருந்தால் அன்றே சரிசெய்திருப்பார்கள். இப்போது ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைப் பையில் எடுத்துப் போகிறேன், ஊசி குத்திய பிறகு போடுகிறேன். முந்தின இரவு எத்தனை மணிக்குப் போட்டேன் என்பதும் நோட்டில் இருக்கும்.

பல் வலிக்கு ஒரு டாக்டர் கிளாரித்ரோமைசினும் இபுபுரூஃபனும் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள்தானே என்று போடலாமா?

போடாதீர்கள். முதலில் மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கல்லீரலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். நீங்கள் போடும் அளவு அதேதான், ரத்தத்தில் மட்டும் அது ஏறிக்கொண்டே போகும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் வோரிகோனசோல், போசகோனசோல், இட்ரகோனசோல் மூன்றும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் அவற்றைத் தொடங்கும்போதே டாக்ரோலிமஸைக் குறைக்கிறார்கள். நிறுத்தும்போது திரும்ப ஏற்ற வேண்டும், இதைத்தான் மறந்துவிடுவார்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்: லெவல் சரிந்து நிராகரிப்புக்கு வழிவிடும்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால்தான் தருவார்கள். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டும் வேண்டாம். அவையும் அந்த நொதியைத்தான் முடக்கும். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கிற பொடியோ லேகியமோ எதுவும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கத்தானே இத்தனை மாத்திரை போடுகிறோம்?

என் மனைவிக்கு ஆபரேஷன் ஆகி 2 மாதம். இரவு 2 மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் எரிந்து விழுகிறாள், பிறகு அழுகிறாள். உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டாமா?

ஐயா, கடைசி வாக்கியத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கூடிய அளவில் போடும்போது தூக்கம் போகும், பசி எரியும், மனம் ஊஞ்சலாடும். நானும் அலமாரி அடுக்கியவள்தான். அந்த நேரத்தில் உலகத்தையே சீர்செய்துவிடலாம் போலிருக்கும், விடிந்தால் காபி டம்ளரைத் தூக்கவே அழுகை வரும். ஸ்டீராய்டைக் காலையில் சாப்பாட்டோடு போடுகிறாரா என்று பாருங்கள். மாலை வேளை இருந்தால் அதை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவு குறையும்போது பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கும்.

எல்லாப் பழியையும் ஸ்டீராய்டு மேல் போடவும் மாட்டேன். வென்டிலேட்டரில் கிடந்த நாட்கள், ஐசியுவில் கண்ட கனவா நிஜமா என்று தெரியாத காட்சிகள், அடுத்த பரிசோதனை பற்றிய பயம், எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மேலே வரும். மனநல ஆலோசனை கேட்க வெட்கம் வேண்டாம். ஆனால் ஒன்று: பேச்சு கோர்வையில்லாமல் போனாலோ, இல்லாததைக் கண்டாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ அது அவசரம். அப்போதும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனக்கு 22 வயது. முகம் பந்து மாதிரி ஆகிவிட்டது, முடியும் கொட்டுகிறது. இதை மட்டும் கேட்பது அற்பமா அக்கா?

அற்பமே இல்லை மா. முகம் பிடிக்காமல் மருந்தை விட்டவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக உங்கள் வயதில். இதைக் கேட்டதே நல்லது. முகவீக்கம் ஸ்டீராய்டால் வருவது, அளவு இறங்கினால் மெதுவாக வடியும். எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உப்பைக் குறைத்தால் நீர் தேங்குவது கொஞ்சம் குறையும். முடி உதிர்வுக்கு டாக்ரோலிமஸ் காரணமாக இருக்கலாம். பழைய மருந்தான சைக்ளோஸ்போரினுக்கு இதற்கு நேரெதிர்க் குணம், வேண்டாத இடத்திலெல்லாம் முடி வளரும், ஈறும் தடிக்கும். மாற்றித் தர வாய்ப்பு உண்டா என்று கேட்கலாம், ஆனால் நுரையீரலைக் காப்பதில் டாக்ரோலிமஸையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபெனோலேட் போடும்போது கர்ப்பம் தரித்தால் கருவுக்குப் பெரும் பாதிப்பு வரலாம். கருத்தடை பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் மருந்தை முன்கூட்டியே மாற்றித் திட்டமிட வேண்டும்.

மைக்கோஃபெனோலேட் தொடங்கியதிலிருந்து ஒரு நாளைக்கு 6 தடவை வயிற்றுப்போக்கு. தாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?

தாங்கிக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள். அளவைப் பிரித்துத் தரலாம், குடலில் கரையும் பூச்சு கொண்ட வகைக்கு மாற்றலாம், வேறு மருந்தே தரலாம். ஆனால் அதற்கு முன் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நமக்குச் சைட்டோமெகலோ வைரஸ் குடலையும் பிடிக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் லெவல் குறையும் என்று நினைப்போம், உண்மையில் ஏறும். அதை ஓரளவு சிதைக்கும் குடல்சுவர் புண்ணானதால் மருந்து அப்படியே உள்ளே போய்விடுகிறது. கூடவே நீரிழப்பு. இரண்டும் சேர்ந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ஒரே வாரத்தில் ஏற்றிவிடும். லெவலும் கிரியேட்டினினும் அந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன என்று ஒரு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அடிக்கடி நடப்பதுதான். மைக்கோஃபெனோலேட், வைரஸ் தொற்றுக்கான வால்கான்சிக்ளோவிர், கிருமித் தொற்றைத் தடுக்கும் கோட்ரிமோக்சசோல் மூன்றுமே வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியவை. எதைக் குறைப்பது என்று அவர்கள் எடைபோட்டுச் செய்திருக்கிறார்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும், நள்ளிரவானாலும் போன் செய்யுங்கள்.

வீட்டில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரில் எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று) 2.10 லிட்டராக இருந்தது, மூன்று நாளாக 1.86. இருமல் இல்லை, மூச்சும் வாங்கவில்லை. கருவி கோளாறாக இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. 2.10இலிருந்து 1.86 என்பது 11 சதவீதச் சரிவு. 10 சதவீதம் குறைந்து ஓரிரு நாள் அப்படியே நின்றால் அழைக்கச் சொல்வதுதான் பல இடங்களில் விதி. நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். சரி, படித்து முடிக்காமலேகூடக் கூப்பிடலாம்.

இருமல் இல்லை என்பதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். மாற்றும்போது நரம்புகளை ஒட்டுவதில்லை. மூச்சுக்குழல் தையலுக்குக் கீழே சளி சேர்ந்தாலும் உணவுத் துகள் போனாலும் இருமல் உணர்வு முன்போல் வராது. இதனால்தான் வயிற்று அமிலம் மேலே ஏறுவதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்: தூக்கத்தில் நமக்குத் தெரியாமலே உள்ளே இறங்கிவிடும். தலைமாட்டை உயர்த்துங்கள், படுக்கப் போகும்முன் சாப்பிடாதீர்கள்.

எண் குறையக் காரணங்கள் பல: தொற்று, நிராகரிப்பு, தையல் இடத்தில் குழல் சுருங்குவது, சரியாக ஊதாதது. மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்து திசு எடுத்துப் பார்த்தால்தான் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியும். திடீர் நிராகரிப்பைப் பெரும்பாலும் ஊசி ஸ்டீராய்டால் அடக்கிவிடுவார்கள். நாள்பட்ட வகைதான் பிடிவாதமானது. நம் சிறந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்து, வேறு காரணம் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால் அதைச் சந்தேகிப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஊதி எழுதிவையுங்கள். பெருமூச்சு விட்டுப் ‘பரவாயில்லை’ என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

நாய் வளர்க்கலாமா? தோட்ட வேலை? தடுப்பூசி? வெயில்?

நாய்க்குப் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும், அதன் கழிவை நீங்கள் அள்ளாதவரை. பறவை வேண்டாம். மண்ணிலும் மக்கிய இலையிலும் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். வீடு இடிக்கும் தூசியும் அதே கதை. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது, தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் அந்த வகை. ஃப்ளூ ஊசி போடலாம், வீட்டில் உள்ளவர்களும் போடட்டும். வெயிலுக்கு முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன். தோல் புற்றுநோய் நமக்கு அதிகம், வோரிகோனசோல் போடுபவர்களுக்கு இன்னும் அதிகம். வருடம் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் அப்பாவுக்காகக் கேட்கிறேன். இது எத்தனை ஆண்டு தாங்கும்? யாரும் நேராகச் சொல்வதில்லை.

நேராகவே சொல்கிறேன். உலக அளவில் மாற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேர் 6, 7 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். சிறுநீரகம், இதயத்தோடு ஒப்பிட்டால் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகம் உள்ளே போகிற உறுப்பு இது. 1963இல் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலில் ஒரு மனிதருக்கு மாற்றியபோது அந்த நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். 1983இல் டொரன்டோவில் ஜோயல் கூப்பர் குழு மாற்றியவர் 6 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. அப்பாவைப் பற்றி அவருடைய எஃப்இவி1 வரைபடம் அதைவிட அதிகம் சொல்லும்.

யாரோ இறந்ததால்தான் நான் மூச்சுவிடுகிறேன் என்ற நினைப்பு சாப்பிடும்போதுகூட வருகிறது.

எனக்கும் வந்தது, இப்போதும் ஆண்டுதோறும் ஆபரேஷன் நடந்த நாள் வரும்போது வருகிறது. அவர் நமக்காக இறக்கவில்லை, அவர் இறந்த பிறகு அவர் வீட்டார் அந்த நிலைமையிலும் நம்மை நினைத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பெயர் சொல்லாமல் கடிதம் அனுப்ப மருத்துவமனை வழிசெய்தால் எழுதுங்கள். நான் நான்கு வரி எழுத 14 மாதம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக: மாத்திரைகள் எப்போதாவது குறையுமா?

குறையும். வீட்டுக்கு வந்த வாரம் எனக்கு ஒரு நாளைக்கு 31, இப்போது 12. டாக்ரோலிமஸ் போல நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் மட்டும் ஆயுளுக்கும். மணி எட்டாகப் போகிறது, என் வேளை வந்துவிட்டது. மீதிக் கேள்விகளுக்கு நாளை எழுதுகிறேன்.