மேட்டிக்கை பிஓஎல் ஆக மாற்றலாமா? எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: 2021-இல் வாங்கிய 240 மேட்டிக் கிரிப்டோ டோக்கன் என் போனில், டிரஸ்ட் வாலட்டில் கிடக்கிறது. பிஎன்பி செயின் நெட்வொர்க்கில் அப்போது வாங்கிப்போட்ட நாலைந்து சின்ன டோக்கன்களும் உண்டு. மேட்டிக் இனிச் செல்லாது, உடனே பிஓஎல் ஆக மாற்றுங்கள் என்று டெலிகிராம் குழுவில் ஒருவர் லிங்க் அனுப்பினார். திறந்து வாலட்டைக் கனெக்ட் செய்தேன். அடுத்து ஏதோ அனுமதி கேட்டது, பயந்து மூடிவிட்டேன். பணம் போய்விடுமா? சரியாக மாற்றுவது எப்படி? மற்ற டோக்கன்களை டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி ஆக்கிவிடலாமா? நான் வாங்காத ஒரு டோக்கன் 1,800 டாலர் மதிப்பு காட்டுகிறது. அதை விற்கலாமா?

பதில்: மூடியது நல்லது. வாலட்டைக் கனெக்ட் செய்ததால் மட்டும் பணம் போகாது. உங்கள் முகவரியும் அதில் என்ன இருக்கிறது என்பதும் அந்தத் தளத்துக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். வாலட் செட்டிங்ஸில் இணைப்புகள் பகுதிக்குப் போய் அதைத் துண்டித்துவிடுங்கள். நீங்கள் பயந்து நிறுத்திய அந்த அடுத்த திரையில்தான் திருட்டு நடக்கும்.

ஒன்றை மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்: அங்கே உங்கள் 12 ரகசியச் சொற்களை எங்காவது தட்டச்சு செய்தீர்களா? செய்திருந்தால் துண்டிப்பதும் அனுமதியை ரத்து செய்வதும் பயன் தராது. சாவியே அவர்களிடம் போய்விட்டது. புதிய வாலட் ஒன்றைப் புதிய சொற்களோடு உருவாக்கி, மதிப்புள்ளதை எல்லாம் உடனே அதற்கு மாற்ற வேண்டும். செய்யவில்லை என்றால் நிதானமாக மேலே படியுங்கள். இதில் எதற்கும் அவசரமில்லை. அவசரப்படுத்துபவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

மேட்டிக் என்பது பாலிகான் நெட்வொர்க்கின் பழைய டோக்கன். ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால் போன்ற இந்தியர்கள் தொடங்கியது என்பதால் நம் ஊரில் பலர் கையில் கொஞ்சமாவது இருக்கும். 2024 செப்டம்பர் 4 முதல் அதன் இடத்தில் பிஓஎல் வந்தது. கணக்கு ஒன்றுக்கு ஒன்று, உங்கள் 240 மேட்டிக் 240 பிஓஎல் ஆகும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ‘இன்று மாற்றினால் 20 சதவீதம் போனஸ்’ என்று எங்காவது பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் மாற்றத்தான் வேண்டுமா என்பது அந்த 240 எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டோக்கன் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு நெட்வொர்க் சின்னம் இருக்கும். டோக்கனைத் தொட்டால் நெட்வொர்க்கின் பெயரும் தெரியும். அதைப் பாருங்கள்.

பாலிகான் நெட்வொர்க்கிலேயே இருந்தால் வேலை முடிந்தது. அங்கே அது தானாகவே பிஓஎல் ஆகிவிட்டது. வாலட் இன்னும் பழைய பெயரைக் காட்டினாலும் அது ஆப்பின் சோம்பல்தான், அப்டேட் செய்தால் சரியாகும். அந்த நெட்வொர்க்கில் இருப்பதை ‘மைக்ரேட்’ (புதிய டோக்கனாக மாற்று) செய்யச் சொல்லி யார் வந்தாலும் உங்களிடம் எதையோ பிடுங்க வருகிறார் என்று பொருள்.

பிஎன்பி செயினில் இருந்தால் அது பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் வெளியிட்ட பிரதி. பாலிகானின் மைக்ரேஷன் கான்ட்ராக்ட் (மாற்றிக்கொடுக்கும் நிரல்) அதைத் தொடாது. வேண்டுமானால் வேறு டோக்கனாக ஸ்வாப் செய்யலாம்.

எத்தீரியம் நெட்வொர்க்கில் இருந்தால் மட்டுமே நீங்களாகச் செய்ய வேண்டிய மைக்ரேஷன் உண்டு. 2021-இல் எக்ஸ்சேஞ்சில் வாங்கி வாலட்டுக்கு அனுப்பியவர்கள் பலரிடம் இருப்பது இதுதான். அதனால் உங்களுடையதும் இதுவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் செலவு. எத்தீரியத்தில் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் தொகையைப் பார்த்து வராது, வேலையைப் பார்த்து வரும். ஆட்டோவில் கீரைக்கட்டை ஏற்றினாலும் தங்கத்தை ஏற்றினாலும் வாடகை ஒன்றுதானே, அப்படி. மைக்ரேஷனுக்கு இரண்டு பரிவர்த்தனை வேண்டும்: மேட்டிக்கை எடுக்க அனுமதி தருவது ஒன்று, மாற்றுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம் கேஸ் அலகு என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் காலியாக இருந்து அலகுக்கு 1 க்வெய் (ஈத்தரின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஓடினால் மொத்தம் 0.00015 ஈத்தர். ஈத்தர் என்பது எத்தீரியத்தின் சொந்த நாணயம், கட்டணம் அதில்தான். நெரிசலில் 20 க்வெய் ஆனால் 0.003 ஈத்தர். ஒரு ஈத்தர் 3,000 டாலர் என்று வைத்தால், அதே வேலைக்கு முன்னதில் 45 சென்ட், பின்னதில் 9 டாலர். தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் கேஸ் போய்விடும்.

இதில் பலர் மறப்பது, அந்த ஈத்தரை வாலட்டுக்குக் கொண்டுவரும் செலவு. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஈத்தர் எடுப்பதற்கான கட்டணம் சில நேரம் கேஸைவிட அதிகமாக இருக்கும். அதையும் கூட்டி, உங்கள் 240-இன் இன்றைய மதிப்போடு வைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகிறதென்றால் நானாக இருந்தால் காத்திருப்பேன். கேஸ் எவ்வளவு ஓடுகிறது என்று, எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் எப்போதும் பார்க்கலாம்.

இன்னொன்று, எப்படியும் விற்கப் போகிறீர்கள் என்றால் மைக்ரேஷன் எதற்கு? மேட்டிக்கை நேராக ஈத்தராகவோ டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி ஆகவோ ஸ்வாப் செய்தால் என்ன கிடைக்கும் என்று விலை மட்டும் கேட்டுப் பாருங்கள். பழைய டோக்கனில் வாங்குபவர் குறைந்துகொண்டே போவதால் விலை மோசமாக வரலாம். அப்படி வந்தால் மாற்றிவிட்டு விற்கலாம். ஓரளவு சரியான விலை வந்தால் ஒரு கட்டணம் மிச்சம்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால் பாலிகானின் சொந்த போர்ட்டல் இருக்கிறது: போர்ட்டல் டாட் பாலிகான் டாட் டெக்னாலஜி. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர வரியைத் தொடாதீர்கள், போலிகள் அங்கேதான் காசு கொடுத்து இடம் பிடிக்கிறார்கள். ஐபோனில் டிரஸ்ட் வாலட்டுக்குள் பிரவுசர் தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். சஃபாரியில் தளத்தைத் திறந்து, வாலட்டைத் தளத்தோடு இணைக்கும் வாலட்கனெக்ட் வழியாக இணையுங்கள்.

இணைத்தபின் முதலில் வரும் அனுமதித் திரையில் கொஞ்சம் நில்லுங்கள். அதில் மூன்று விவரம் இருக்கும்: எந்த டோக்கன், யாருக்கு அனுமதி, எவ்வளவு. டோக்கன் மேட்டிக்காக இருக்க வேண்டும். ‘எவ்வளவு’ என்ற இடத்தில் ‘அன்லிமிடெட்’ என்றோ முடிவில்லாமல் நீளும் ஒரு எண்ணோ இருந்தால் அதை அழித்து 240 என்று மாற்றுங்கள், பெரும்பாலான வாலட்டுகள் விடும். ‘யாருக்கு’ என்ற இடத்தில் 0எக்ஸ் என்று தொடங்கும் கான்ட்ராக்ட் முகவரி இருக்கும். அதைக் காப்பி செய்து ஈத்தர்ஸ்கேனில் போட்டால் சரிபார்க்கப்பட்ட நிரலும், அதே மைக்ரேஷனைச் செய்த ஏராளமான பழைய பரிவர்த்தனைகளும் தெரிய வேண்டும். நேற்று உருவான, பெயரில்லாத முகவரி என்றால் ரிஜெக்ட். மேட்டிக்கை மாற்ற வந்த இடத்தில் உங்கள் யுஎஸ்டிடி-க்கு அனுமதி கேட்டாலும் ரிஜெக்ட்.

கேஸே கேட்காமல் ‘சைன்’ மட்டும் கேட்கும் திரைகளும் உண்டு. காசு போகவில்லையே என்று அழுத்திவிடாதீர்கள். ‘பெர்மிட்’ வகைக் கையொப்பம் ஒன்றே உங்கள் டோக்கனை இன்னொருவர் எடுத்துக்கொள்ளப் போதும். அதற்கான கேஸை எடுப்பவரே கட்டிக்கொள்வார்.

மாற்றி முடித்தபின் பிஓஎல் தெரியவில்லை என்று பதற வேண்டாம். வாலட்டில் டோக்கன்களை நிர்வகிக்கும் இடத்தில் எத்தீரியத்தின் பிஓஎல்-ஐ இயக்கினால் தெரியும். அப்புறம், கொடுத்த அனுமதிகளைக் காட்டி ரத்து செய்ய உதவும் ரிவோக் டாட் கேஷ் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2021-இல் எந்தெந்தத் தளத்துக்கோ கொடுத்த அனுமதிகள் இன்னும் உயிரோடு இருக்கும். ரத்து செய்ய ஒவ்வொன்றுக்கும் கேஸ் ஆகும் என்பதால், கையில் இப்போது இருக்கும் டோக்கன்களுக்கு உரியதை மட்டும் முதலில் ரத்து செய்யுங்கள்.

பிஓஎல் போல எல்லா மைக்ரேஷனும் சாதுவாக இருக்காது. 2021-இல் மொபைல் வாலட் வைத்திருந்தவர்களில் பலர் சேஃப்மூன் என்ற டோக்கனை வாங்கியிருப்பார்கள். அந்த டிசம்பரில் அது வி2 (இரண்டாம் பதிப்பு) ஆனது, ஆயிரம் பழைய டோக்கனுக்கு ஒரு புதியது. அத்தோடு பழைய வி1 பரிவர்த்தனைகளுக்கு 100 சதவீத வரி வைத்தார்கள். விஷயம் தெரியாமல் அதன்பின் வி1 வாங்கியவர்களுக்கும் வேறு வாலட்டுக்கு அனுப்பியவர்களுக்கும் மிஞ்சியது பூஜ்ஜியம். நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. ஆகவே பழைய டோக்கன் எதையும் ‘வேறு வாலட்டுக்கு மாற்றிப் பார்ப்போம்’ என்று தொடும் முன், அந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்தில் பழைய பதிப்பின் நிலை என்ன என்று படித்துவிடுங்கள்.

உங்கள் பிஎன்பி செயின் டோக்கன்களுக்கு வருவோம். இங்கே கேஸ் பிஎன்பி-யில் கட்ட வேண்டும், தொகையும் மிகச் சிறியது. செலவைவிட இங்கே விலைதான் பிரச்சினை. வாலட் காட்டும் மதிப்பு கடைசியாக யாரோ வாங்கிய விலையை வைத்துப் போட்ட கணக்கு. உங்களுடையதை வாங்க அங்கே இப்போது பணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். பிஎன்பி செயினில் ஸ்வாப் செய்யும் தளமான பான்கேக்ஸ்வாப்பில் போட்டுப் பார்த்தால் ‘பிரைஸ் இம்பேக்ட்’ என்று ஒரு சதவீதம் வரும், உங்கள் விற்பனையே விலையை எவ்வளவு இறக்கும் என்பதுதான் அது. அது 15, 20 என்று காட்டினால் வாங்க அங்கே பணம் இல்லை, குளம் வற்றிவிட்டது.

ஸ்லிப்பேஜை (விலை எவ்வளவு இறங்கினாலும் ஏற்பீர்கள் என்ற வரம்பு) முதலில் 1 சதவீதத்துக்குள் வையுங்கள். திரும்பத் திரும்பத் தோற்றால், அந்த டோக்கன் விற்கும்போதே வரி பிடிக்கும் வகையா என்று பாருங்கள். அப்படிப் பிடித்தால் வரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால்தான் நடக்கும். காரணம் தெரியாமல் 40, 50 என்று ஏற்றாதீர்கள். இடையில் புகுந்து முன்னால் வாங்கிப் பின்னால் விற்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) அந்த இடைவெளியை விழுங்கிவிடும். வாலட்டுக்குள் இருக்கும் ஸ்வாப் பொத்தான் வசதிதான், ஆனால் இலவசமில்லை. மெட்டாமாஸ்க் என்ற வாலட் 0.875 சதவீதம் எடுக்கிறது. சின்னத் தொகைக்கு அந்த வசதிக்காகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

யுஎஸ்டிடி வந்தபின் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கமும் ஒரே நெட்வொர்க்கா என்று பாருங்கள். பிஎன்பி செயின், எத்தீரியம், பாலிகான் மூன்றிலும் உங்கள் முகவரி ஒன்றேதான், குழப்பம் அங்கேதான் வரும். முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்யாதீர்கள். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து பூஜ்ஜியத் தொகை அனுப்பி அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 மே மாதத்தில் ஒருவர் 1,155 ரேப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் புழங்கும் பிட்காயின் பிரதி) இப்படித்தான் தவறான முகவரிக்கு அனுப்பினார். பேரம் பேசிப் பெரும்பகுதி திரும்பி வந்தது அவர் அதிர்ஷ்டம். எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலிருந்தே முகவரியை எடுங்கள், முதலில் கொஞ்சம் அனுப்பி, வந்து சேர்ந்ததும் மீதியை அனுப்புங்கள்.

அந்த 1,800 டாலர் டோக்கன்: ஒளித்து வையுங்கள், மறந்துவிடுங்கள். அது உங்கள் வாலட்டில் இருப்பதால் ஆபத்தில்லை, விற்கப் போனால்தான் ஆபத்து. சாதாரணமாக விற்க விடாமல் ‘இந்தத் தளத்துக்கு வாருங்கள்’ என்று கூட்டிப்போய் அனுமதி வாங்குவதற்காகவே அதைப் போட்டிருப்பார்கள்.

கடைசியாக வருமான வரி. இந்தியாவில் ஒரு டோக்கனை இன்னொரு டோக்கனாக ஸ்வாப் செய்வதும் விற்பனைதான், ரூபாய் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது, கட்டிய கேஸையும்கூட. ஒரு டோக்கனின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் சரிக்கட்டவும் முடியாது. ஆகவே நாலைந்து சின்ன டோக்கன்களில் ஒன்று லாபம், மற்றதெல்லாம் நஷ்டம் என்றாலும் அந்த ஒன்றுக்கு வரி உண்டு. ஒன்றுக்கு ஒன்று மைக்ரேஷனை எப்படிக் காட்டுவது என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அவர் கேட்கப்போவது 2021-இல் வாங்கிய விலைக்கான சான்று. அந்த எக்ஸ்சேஞ்ச் கணக்கு இன்னும் திறக்கிறதென்றால் அறிக்கையை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரேஷனின் பரிவர்த்தனை எண்ணையும் தேதியோடு குறித்து வையுங்கள்.