ராப்பிட் சிட்டியில் வீடு வாங்கினால் வில்லங்கம் வருமா?

கேள்வி: கணவருக்கு அமெரிக்காவில், தெற்கு டகோட்டாவில் வேலை. ராப்பிட் சிட்டியில் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டோம். "ஒப்பந்தப்படி இதெல்லாம் சூ பழங்குடியினரின் நிலம்" என்கிறார் அவருடன் வேலை செய்பவர். பின்னால் பிரச்சினை வருமா?

பதில்: வாங்குங்கள், பத்திரம் செல்லும். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை.

தாய்ப்பத்திரம் தேடிப் போனால், 1877 பிப்ரவரி 28-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் போய் நிற்கும். ராப்பிட் சிட்டியை ஒட்டிய பிளாக் ஹில்ஸ் மலைப் பகுதியை சூ மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட சட்டம் அது. அதற்கும் முந்தியது, இந்த நிலத்தை சூ மக்களுக்கென ஒதுக்கி அமெரிக்க அரசு அவர்களோடு செய்துகொண்ட 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம். அரசு அலுவலர்கள், அனுமதி பெற்றவர்கள் தவிர யாரையும் இந்த எல்லைக்குள் குடியேற விடமாட்டோம் என்கிறது அதன் 2-ஆம் பிரிவு. வயது வந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போடாமல் நிலத்தை எழுதி வாங்கினால் செல்லாது என்கிறது 12-ஆம் பிரிவு.

1874-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கத்தைப் பார்த்தது. உள்ளே புகுந்தவர்களை முதலில் ராணுவம் விரட்டியது. 1875 நவம்பரில், இனித் தடுக்க வேண்டாம் என்று அதிபர் கிராண்ட் முடிவெடுத்துவிட்டார். உங்கள் ராப்பிட் சிட்டி உருவானது 1876 பிப்ரவரியில். அதாவது சட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால். நம்மூர் பாஷையில் அப்பட்டமான ஆக்கிரமிப்பு. பிறகு, மலையை எழுதிக் கொடுக்காவிட்டால் ரேஷன் கிடையாது என்று அரசு சூ மக்களை மிரட்டியும், கையெழுத்துப் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

சரி, வழக்கு? 1923-ல் தொடங்கியது 1980-ல்தான் முடிந்தது. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு நியாயமான இழப்பீடு தரவில்லை என்று 8-க்கு 1 என உச்ச நீதிமன்றம் சொன்னது: 1.71 கோடி டாலர், 1877-லிருந்து 5 சதவீத வட்டி. சூ மக்களுக்கு வெற்றிதான். ஆனால் 'நில எடுப்பு' என்று ஆகிவிட்டால் உரிமை கைமாறிவிட்டது, பாக்கி பணம் மட்டும்தான் என்று அர்த்தம். நிலத்தையே கேட்டு சூ மக்களில் ஓக்லாலா பிரிவினர் போட்ட வழக்கும் 1981-ல் மேல்முறையீட்டில் தோற்றது. ஆக, உங்கள் பத்திரத்தைக் காப்பாற்றுவது அவர்கள் ஜெயித்த தீர்ப்பேதான். அந்தப் பணத்தை அவர்கள் தொடவில்லை. வட்டியோடு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2012-ல் அதே மலையில் பெ ஸ்லா என்ற புனித இடத்தைத் தனியாரிடமிருந்து காசு கொடுத்து வாங்கினார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்துரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) எடுங்கள், அதில் எதற்கெல்லாம் ஈடு கிடையாது என்று சொல்லும் விதிவிலக்குகளை வரிவரியாகப் படியுங்கள். அப்புறம், தரைக்கடியில் உள்ள கனிம உரிமை வீட்டோடு சேர்ந்து வருகிறதா, இல்லை முன்பே பிரித்து விற்றுவிட்டார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அங்குள்ள வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.